சிஸ்டம் அட்மினுக்கு எதற்குப் பகா எண்?

எந்தப் புரோகிராமிங் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பாடம் "ஹலோ வேர்ல்ட்". அடுத்து இரண்டு எண்களைக் கூட்டுவது. அப்புறம் ஃபேக்டோரியல், ஃபிபனாச்சி, கொடுத்த எண் பகா எண்ணா இல்லையா என்று கண்டுபிடிப்பது. கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பையனுக்கு இது சரி. பத்து வருடமாக சர்வர் அறைக் குளிரில் வேலை பார்க்கிற சிஸ்டம் அட்மினைக் கூப்பிட்டு, "ஐந்து நாளில் புரோகிராமிங்" என்று சொல்லி அதே பகா எண்ணைப் போடச் சொன்னால்? மூன்றாம் நாள் ஆள் வரமாட்டார். கேட்டால் "ஆபீஸில் சர்வர் டவுன்" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம், சாக்காகவும் இருக்கலாம்.

தப்பு அவர்மேல் இல்லை. மூன்று மாதப் பாடத்தின் எல்லா அத்தியாயங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரமாக நசுக்கினால் குறுகிய காலப் படிப்பு தயார் என்று திட்டம் போட்டவர்கள் மேல்தான் தப்பு. பி.காம். பசங்களுக்கு டேலி சொல்லித்தருகிற இடங்களைப் பாருங்கள். இரட்டைப் பதிவு முறை இத்தாலியில் எப்படி வளர்ந்தது என்று அங்கே யாரும் ஆரம்பிப்பதில்லை. கம்பெனியை உருவாக்கு, லெட்ஜர் போடு, வவுச்சர் என்ட்ரி பண்ணு என்று முதல் நாளே கை வேலைக்குப் போய்விடுகிறது. வருகிறவர் நாளைக்கு எந்த நாற்காலியில் உட்காரப் போகிறார் என்று யோசித்துப் போட்ட திட்டம் அது.

சிஸ்டம் அட்மின் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்? அவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. பைப் போட்டு நாலு கமாண்டைக் கோர்ப்பார். 'பாத்' என்கிற என்விரான்மென்ட் வேரியபிளைத் தூக்கத்தில் கூடத் திருத்துவார். அவரிடம் போய் "வேரியபிள் என்றால் ஒரு டப்பா மாதிரி" என்று தொடங்கினால் மனிதருக்கு எப்படி இருக்கும்? இன்னொரு பக்கம், கல்லூரிப் பாடம் எதிலும் வராத ஒரு பாரம் அவர் தலையில் இருக்கிறது. மாணவனின் புரோகிராம் தப்பானால் ஐந்து மதிப்பெண் போகும். இவருடைய புரோகிராம் ரூட் அதிகாரத்தோடு, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில், ராத்திரி இரண்டு மணிக்கு, பக்கத்தில் யாரும் இல்லாதபோது ஓடும். தப்பானால் கம்பெனியின் டேட்டா போகும். ஆகவே, இருக்கிற கொஞ்ச நேரத்தில் பெரும்பகுதி ஒரே கேள்விக்குப் போகவேண்டும்: இந்த ஸ்கிரிப்ட் தோற்றால் என்ன ஆகும், அது யாருக்குத் தெரியும்?

முதலில் நேரக் கணக்கு. ஐந்து முழு நாள் வகுப்பு என்பது காகிதத்தில்தான் நடக்கும். பதினோரு மணிக்கு ஒருவருக்கு போன் வரும், பன்னிரண்டுக்கு இன்னொருவர் வெளியே ஓடுவார். காலையில் மூன்று மணி நேரம் வகுப்பு, மதியம் அவரவர் இடத்தில் அவரவர் வேலை என்று வைத்துவிட்டால் சண்டையே இல்லை. ஐந்து நாளைக்குப் பதினைந்து மணி நேரம் தேறும். மதியம் தன் வேலையில் காலைப் பாடத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் கேள்வியோடு வருவார். அந்தக் கேள்விகள்தான் அடுத்த நாள் வகுப்பின் பாதிப் பாடம்.

குறுகிய காலப் படிப்பு என்றதும் பார்க்கவேண்டிய முன்மாதிரி 'சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி'. 1998-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் தொடங்கியது. அவர்கள் எடுத்துக்கொண்ட மாணவர்கள் விஞ்ஞானிகள். தங்கள் துறையில் கரைகண்டவர்கள், புரோகிராமிங்கில் தட்டுத்தடுமாறுகிறவர்கள். பின்னாளில் அது இரண்டு நாள் பட்டறையாக உலகம் முழுக்கப் பரவியது. ஷெல், கிட், பைதான் அல்லது ஆர், அவ்வளவுதான் பாடம். அதன் பைதான் பாடம் மூட்டுவலி நோயாளிகளின் வீக்க அளவுகள் அடங்கிய சி.எஸ்.வி. ஃபைல்களைச் சுற்றியே நகர்கிறது. வேரியபிள், லூப், ஃபங்ஷன் எல்லாம் அந்த ஃபைலுக்குத் தேவைப்படும்போதுதான் உள்ளே வரும். ஆசிரியர் ஸ்லைடு போட்டு வாசிக்காமல் எல்லோர் முன்னாலும் டைப் அடித்துக்காட்டுவார், தப்பும் செய்வார். மாணவர்களிடம் இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள் இருக்கும். மாட்டிக்கொண்டால் ஒரு நிறம், முடித்துவிட்டால் இன்னொரு நிறம், மானிட்டர் மேல் ஒட்டினால் போதும். "சார், எனக்குப் புரியலை" என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற நாற்பது வயதுக்காரருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

விஞ்ஞானிக்கு மூட்டுவலி ஃபைல் என்றால் அட்மினுக்கு லாக் ஃபைல். முதல் நாள் பாடத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். எஸ்.எஸ்.ஹெச். வழியாகத் தப்பான பாஸ்வேர்டு போட்டு நுழையப் பார்த்தவர்களின் ஐ.பி. முகவரிகளை எண்ணிப் பட்டியலிடுவது. இதை கிரெப், ஆக், சார்ட், யூனிக் என்று ஒரே வரியில் கோர்த்துச் செய்கிறவர் வகுப்பிலேயே நாலு பேர் இருப்பார்கள். நல்லது, முதலில் அதைத்தான் பலகையில் எழுதவேண்டும். பிறகு அதே வேலையை பைதானில் செய்துகாட்டி, யூனிக் எண்ணிய எண்ணிக்கை இங்கே ஒரு 'டிக்ஷனரி'யில் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால், கல்லூரியில் இரண்டு வாரம் இழுக்கிற விஷயம் அரை மணி நேரத்தில் முடியும். பத்து நிமிடத்துக்குள் ஐம்பது தடவை முயன்ற முகவரிகளை மட்டும் காட்டு என்று அடுத்து கேட்கலாம். அந்த ஒற்றை வரி அங்கே திணற ஆரம்பிக்கும். பைதான் எதற்கு என்று அப்போது யாரும் விளக்கவேண்டியிருக்காது.

இரண்டாம் நாளுக்கு யூசர் கணக்குகள். வேலையை விட்டுப் போனவர்கள் பட்டியலை எச்.ஆர். எக்செல்லில் அனுப்புகிறது, அந்தக் கணக்குகளை முடக்கவேண்டும். கேட்பதற்கு ஒரு லூப் மாதிரி இருக்கும். ஆனால் எச்.ஆர். அனுப்புகிற ஃபைல் எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும். நடுவில் காலி வரி, பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ், தேதி ஒரு இடத்தில் நாள்-மாதம், இன்னொரு இடத்தில் மாதம்-நாள். நம் ஊரில் இனிஷியல் என்று ஒரு தனி வம்பு வேறு. எஸ். குமார், குமார் எஸ்., குமார் சுப்பிரமணியன் மூவரும் ஒரே ஆளா, மூன்று ஆளா? மெஷினுக்கு மூன்று ஆள். எச்.ஆருக்கு ஒரு ஆள். இதில் தப்பான குமாரின் கணக்கை மூடிவிட்டால் மறுநாள் காலை அட்மினின் மேஜை முன்னால் நிற்பது அந்தக் குமார். பெயரை நம்பாதே, பணியாளர் எண்ணைப் பிடி, எண் இல்லாத வரியைத் தொடாமல் தனியே எடுத்து வை என்கிற பாடத்தை எந்தப் புத்தகத்தையும்விட இந்த ஃபைல் நன்றாகச் சொல்லித்தரும்.

மூன்றாம், நான்காம் நாள்கள்தான் வகுப்பின் உயிர். தோல்வியைப் பற்றிப் பேசவேண்டிய நாள்கள். இங்கே கற்பனைக் கதையே வேண்டாம், நடந்தவையே நிறைய இருக்கின்றன.

2015 ஜனவரியில் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மென்பொருளின் ஷெல் ஸ்கிரிப்டில் ஒரு பிழை வெளியே வந்தது. ஸ்டீம் இருக்கிற ஃபோல்டரின் பாதையைக் கண்டுபிடித்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு, பிறகு அந்த ஃபோல்டருக்குள் இருப்பதையெல்லாம் அழிக்கிற ஒரு வரி அதில் இருந்தது. ஒரு பயனர் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்தார். பாதை கிடைக்கவில்லை, வேரியபிள் காலி. காலி வேரியபிளுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, அதற்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி. "இந்த ஃபோல்டருக்குள் இருப்பதை அழி" என்பது "இந்த மெஷினில் உன் கைக்கு எட்டுவதையெல்லாம் அழி" என்று ஆகிவிட்டது. இணைத்து வைத்திருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்த்துப் போனது. இதில் வேடிக்கை, அந்த வரிக்கு மேலேயே "பயங்கரம்!" என்ற பொருளில் ஒரு கமென்ட் எழுதப்பட்டிருந்தது. எழுதியவருக்குப் பயம் இருந்திருக்கிறது. பயத்தை கமென்டாக எழுதிவிட்டுப் போய்விட்டார், கோடாக எழுதவில்லை.

இதை வகுப்பில் ஒரு டம்மி மெஷினில் ஓட்டிக்காட்டலாம். காட்டிவிட்டு, எப்படித் தடுப்பது என்று கேட்டால் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் உடனே "செட் -யு" என்பார். அறிவிக்கப்படாத வேரியபிளைப் பயன்படுத்தினால் ஸ்கிரிப்டை நிறுத்துகிற வசதி அது. ஆனால் இங்கே அது காப்பாற்றாது! வேரியபிள் அறிவிக்கப்பட்டிருக்கிறது, உள்ளேதான் ஒன்றும் இல்லை. வேரியபிள் பெயரை நெளிவு அடைப்புக்குள் போட்டு, பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்தால், காலியாக இருந்தாலும் பேஷ் அங்கேயே நின்றுவிடும். இரண்டே எழுத்து. இந்த மாதிரி முடியளவு வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறவர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்.

அடுத்தது பேக்கப். டேட்டாபேஸை டம்ப் எடுத்து, பைப் வழியாக ஜிஸிப்புக்கு அனுப்பி, தேதி போட்ட ஃபைலாகச் சேமிக்கிற ஒரு வரி ஸ்கிரிப்ட் இல்லாத ஆபீஸ் உண்டா? பேஷில் பைப் போட்டுக் கோர்த்த கமாண்டுகளின் வெற்றி தோல்வியை, எதுவும் மாற்றாதவரை, கடைசிக் கமாண்ட்தான் தீர்மானிக்கும். டேட்டாபேஸ் நின்றுபோய் டம்ப் தோற்றாலும் ஜிஸிப் வந்ததைச் சுருக்கிவிட்டு "வெற்றி" என்று சொல்லும். ஒன்றுமே வராவிட்டாலும் 20 பைட்டில் ஒரு ஃபைல் உருவாகும். தினமும் காலையில் ஃபோல்டரைத் திறந்து பார்க்கிற அட்மின், தேதி வாரியாக அழகாக அடுக்கியிருக்கிற ஃபைல்களைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவார். ஆசிரியர் செய்யவேண்டியது, வகுப்பில் எல்லோரும் இந்த ஸ்கிரிப்டை எழுதி முடித்ததும் சொல்லாமல் கொள்ளாமல் டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, "ஒருமுறை ஓட்டுங்கள், பேக்கப் வந்ததா?" என்று கேட்பது. பாதிப் பேர் வந்தது என்பார்கள். 'பைப்ஃபெயில்' என்ற ஆப்ஷனைச் சொல்லித்தர இதைவிட நல்ல தருணம் கிடையாது. ஃபைலின் அளவைப் பார்ப்பது, அதை வேறு மெஷினில் திரும்ப ஏற்றிப் பார்ப்பது எல்லாம் அப்போதே சேர்ந்து வரும்.

இது சின்ன ஆபீஸ்களின் கதை மட்டும் என்று நினைக்கவேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், பிரச்னை ஒன்றை ராத்திரி நேரத்தில் சரிசெய்துகொண்டிருந்த இன்ஜினியர், இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸ் சர்வரில் அழிக்கும் கமாண்டை ஓட்டிவிட்டார். சில விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மிச்சம். சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால் அது காலி. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், டம்ப் எடுத்த புரோகிராம் 9.2 வெர்ஷன், ஆகவே அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும் டிமார்க் என்கிற மின்னஞ்சல் பாதுகாப்புச் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறு ஒரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். இதையெல்லாம் மறைக்காமல் பொதுவில் எழுதி வைத்தார்கள் என்பதற்காக அவர்களைப் பாராட்டவேண்டும். அந்த அறிக்கையை நான்காம் நாள் வகுப்பில் உட்கார்ந்து படித்தாலே போதும்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை என்பது முதல் வருடப் பாடம். விட்டுப்போன பதிவை அது காட்டிக்கொடுக்காது. வங்கியில் ஒருவர் பதிவு போட, இன்னொருவர் சரிபார்த்தால்தான் பணம் நகரும். இந்தப் பழக்கம் சர்வர் அறைக்குள் நுழைய மட்டும் ஏனோ தாமதம். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேபிட்டல் நிறுவனம் புதிய புரோகிராமை எட்டு சர்வர்களில் ஏற்றவேண்டும். ஏழில் ஏற்றினார்கள், எட்டாவது விட்டுப்போனது. இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை. அந்த எட்டாவதில் தூங்கிக்கொண்டிருந்த பழைய கோட் விழித்துக்கொண்டு 45 நிமிடத்தில் ஏற்படுத்திய நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறக்கும் முன்பே அவர்களுடைய சிஸ்டம் 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்ததாம். யாரும் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு சர்வர்களிலும் ஒரே ஃபைல்தான் இருக்கிறதா என்று செக்சம் பார்த்துச் சொல்கிற புரோகிராம் பத்துப் பதினைந்து வரி. நான்காம் நாள் பயிற்சியாக அதைக் கொடுக்கலாம்.

இதே நாள்களில் ஒத்திகையும் வந்துவிடவேண்டும். ஆர்சிங்கில் 'ட்ரை ரன்' இருக்கிறது, பவர்ஷெல்லில் 'வாட்-இஃப்' இருக்கிறது, ஆன்சிபிளில் 'செக்' இருக்கிறது. மூன்றும் "செய்யாதே, என்ன செய்வாய் என்று மட்டும் சொல்" என்கிற ஒரே விஷயம். வகுப்பில் எழுதுகிற ஒவ்வொரு ஸ்கிரிப்டும் இயல்பாகவே ஒத்திகைதான் பார்க்கவேண்டும், நிஜமாகச் செய்யத் தனியாக ஓர் ஆப்ஷன் கொடுக்கவேண்டும் என்று சட்டமே போட்டுவிடலாம். கூடவே ஓர் உச்சவரம்பு. ஒரே ஓட்டத்தில் பத்துக் கணக்குக்கு மேல் முடக்கச் சொன்னால் நின்று கேள் என்பது போல. 2017 பிப்ரவரி 28 அன்று ஒரு கமாண்டில் தப்பான உள்ளீடு கொடுத்து அமேசானின் எஸ்-3 சேவை பல மணி நேரம் படுத்துப்போன பிறகு, அவர்கள் தங்கள் கருவியில் செய்த மாற்றங்களில் ஒன்றும் இந்த வகைதான். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே சர்வர்களைக் கழற்ற அது இனி விடாது.

எந்த மொழி என்ற சண்டைக்கு வருவோம். பேஷா பைதானா என்று கேட்டால் இணையத்தில் ஒரு வாரம் அடித்துக்கொள்வார்கள் :-) ஷெல்லில் தொடங்கி, வேலை சிக்கலானதும் பைதானுக்குத் தாவுவதுதான் நியாயம். ஸ்கிரிப்ட் நூறு வரியைத் தாண்டினால் ஒழுங்கான வேறு மொழியில் எழுது என்று கூகுளின் ஷெல் எழுத்துமுறைக் கையேடே சொல்கிறது. விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு பவர்ஷெல் போதும். மூன்றையும் ஒரே வகுப்பில் கலக்கக்கூடாது. கிளாஸ், ஆப்ஜெக்ட், ரிகர்ஷன், ஜன்னல் திறக்கிற புரோகிராம் எல்லாம் பதினைந்து மணி நேரத்துக்குள் வரவே கூடாதவை. கிட் மட்டும் முதல் நாளே வேண்டும். பேக்கப்-நியூ, பேக்கப்-ஃபைனல், பேக்கப்-ஃபைனல்-2 என்று ஃபோல்டர் முழுக்கக் குட்டி போட்டிருக்கிற ஸ்கிரிப்டுகளுக்கு அதுதான் மருந்து.

"இதெல்லாம் எதற்கு? ஏ.ஐ.யிடம் கேட்டால் அரை நிமிடத்தில் ஸ்கிரிப்ட் வருகிறதே" என்று இப்போது ஒரு கேள்வி. வரத்தான் செய்கிறது, பெரும்பாலும் நன்றாகவே வருகிறது. வந்ததை ஓட்டப்போவது யார்? ரூட் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? ஸ்டீமில் இருந்ததைப் போல ஒரு வரி அதற்குள் ஒளிந்திருந்தால் கண்டுபிடிக்கவேண்டியவர், நாளைக்கு மேனேஜர் முன்னால் நிற்கப்போகிறவர். ஆகவே எழுதும் பயிற்சியோடு சம அளவுக்குப் படிக்கும் பயிற்சியும் தேவை. ஏ.ஐ. எழுதிய நாற்பது வரியை அச்செடுத்துக் கொடுத்து, எங்கெங்கே இது உடையும் என்று சிவப்பு மையால் குறிக்கச் சொல்லலாம். ஆடிட்டிங் வகுப்பில் வவுச்சிங் செய்கிற மாதிரி.

இவ்வளவும் சொல்லித்தருகிறவர் நல்ல டெவலப்பராக இருப்பதைவிட, ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்து எழுந்து உட்கார்ந்த அனுபவம் உள்ளவராக இருப்பது முக்கியம். அப்படிப்பட்டவருக்குப் பாடம் எடுக்க நேரம் இருக்காது என்பது தனிக் கஷ்டம்.

ஐந்தாம் நாள் பரீட்சை வேண்டாம். ஒவ்வொருவரும் தன் ஆபீஸில் கையால் செய்துகொண்டிருக்கிற ஏதோ ஒரு சலிப்பான வேலைக்கு ஸ்கிரிப்ட் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, கிரானில் போடவேண்டும். சர்டிபிகேட் அன்றைக்குக் கிடையாது. முப்பது நாள் கழித்து எல்லோரையும் ஒரு மணி நேரம் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்கவேண்டும்: ஸ்கிரிப்ட் இன்னும் ஓடுகிறதா? நடுவில் எத்தனை முறை தோற்றது? தோற்றது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? மூன்றாவது கேள்விக்கு "யாரோ போன் பண்ணிச் சொன்னார்கள்" என்று பதில் சொல்கிறவரை நான்காம் நாள் வகுப்பில் மறுபடி உட்கார வைக்கலாம், கட்டணம் வாங்காமல்.